அப்பன் குடிச்சா புள்ளையும் குடிக்குமா?

எங்க சொந்தபந்தத்துல ஒரு வழக்கம் இருக்கு. எங்க அக்கா பையன் ஸ்கூல்ல யாரையாவது கை நீட்டிட்டு வந்தாலோ, டியூஷனுக்குப் போறேன்னு சொல்லிட்டு கிரவுண்டுல கிடந்தாலோ, கோவத்துல கதவை படார்னு சாத்தினாலோ, பக்கத்துல இருக்குற யாராவது ஒருத்தர் உடனே "அப்பன் ரத்தம்ல, வேற எப்படி இருக்கும்"னு சொல்லிடுவாங்க. எங்க மச்சான் குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தவரு, கடைசியில கல்லீரல் கைவிட்டுடுச்சு, அவரோட அப்பாவும் அப்படித்தான் போனாருன்னு சொல்வாங்க. பையன் இப்போ ஒன்பதாவது. இதுவரைக்கும் ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. ஆனா ஊரு அவனுக்குத் தீர்ப்பு எழுதி சீல் வெச்சாச்சு.

தாய்மாமனா இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கூடவே உள்ளுக்குள்ள ஒரு பயமும் இருக்கும், ஏன்னா இந்தப் பேச்சு முழுப் பொய்யும் கிடையாது. அதனாலதான் இதை ஆராய்ச்சி பண்ணவங்க என்ன சொல்றாங்கன்னு தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாச்சு, ரத்தத்துல இருக்குங்கிறது உண்மைதான், ஆனா அந்த ரத்தம் எவ்வளவு சத்தமா பேசும்ங்கிறதை புள்ளை வளர்ற தெருவும் வீடும் அவன் வயசும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. அதைத்தான் இங்க கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், வீட்ல இதே மாதிரி பேச்சு கேட்டுட்டு இருக்கவங்க பொறுமையா படிங்க.

மொதல்ல பயப்பட வேண்டிய பக்கத்தையே பாத்துடலாம். 1973ல டொனால்ட் குட்வின்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டரும் அவரோட டீமும் டென்மார்க்ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. பெத்தவங்கள்ல ஒருத்தர் குடிநோய்க்காக ஆஸ்பத்திரியில சேர்ந்தவர், ஆனா புள்ளை பிறந்து ஆறு வாரத்துக்குள்ள சம்பந்தமே இல்லாத வேற குடும்பத்துக்குத் தத்துப் போயிடுச்சு, அப்படி வளர்ந்த ஆம்பளைங்க 55 பேரைத் தேடிப் பிடிச்சாங்க. அதே மாதிரி தத்துப் போய் வளர்ந்த, ஆனா பெத்தவங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லாத 78 பேரையும் எடுத்துக்கிட்டாங்க. முப்பது வயசு வாக்குல பாத்தா மொத கூட்டத்துல 10 பேரு குடிநோயாளி, ரெண்டாவது கூட்டத்துல 4 பேரு. சதவீதத்துல சொன்னா 18க்கு 5. அப்பன் தள்ளாடி வர்றதைக் கண்ணால பாக்காத புள்ளைங்க, ராத்திரி சண்டைய காதால கேக்காத புள்ளைங்க, அப்பவும் மூணு மடங்குக்கு மேல. அதனால மரபணு ஒண்ணுமே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, 55 பேர்ல 45 பேரு குடிநோயாளி ஆகல. இந்தப் பக்கத்தை எந்த விசேஷ வீட்லயும் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அதுக்கப்புறம் வந்த இரட்டையர் ஆய்வுகள், தத்து ஆய்வுகள் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துப் பாத்து, குடிநோய்ல ஏறக்குறைய பாதி மரபணு சம்பந்தப்பட்டதுன்னு சொல்றாங்க. இந்த பாதிங்கிறதைத்தான் நிறைய பேரு தப்பா எடுத்துக்கிறாங்க. என் மருமகன் குடிகாரனாக அம்பது சதவீதம் சான்ஸ்னு அதுக்கு அர்த்தம் இல்ல. ஒரு ஆளோட குடியில பாதியை அப்பன் குடுத்தான், மீதியை ஊரு குடுத்ததுன்னும் அர்த்தம் இல்ல. ஒரு இடத்துல ஒரு காலகட்டத்துல ஆயிரக்கணக்கான பேரை எடுத்துக்கிட்டு, இவன் ஏன் குடிக்கிறான், அவன் ஏன் குடிக்கலன்னு ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்தை மட்டும் பிரிச்சுப் பாக்குற கணக்கு அது. ஊரு மாறினா அந்த நம்பரும் மாறும், வயசு மாறினாலும் மாறும். இதை நான் படிச்சதுலயே ரொம்பத் தெளிவா காட்டுனது பின்லாந்துக்காரங்கதான், அதனால அங்க கொஞ்சம் நிக்கணும்.

பின்லாந்துல நாட்டுல இருக்குற எல்லாரும் ஒரு மத்தியப் பதிவேட்டுல இருப்பாங்க, அதுலேர்ந்து ரெட்டைப் புள்ளைங்களைத் தனியா எடுக்கலாம். ஹெல்சிங்கி யுனிவர்சிட்டி யாக்கோ காப்ரியோவும் அமெரிக்காவுல இண்டியானா யுனிவர்சிட்டி ரிச்சர்ட் ரோஸும் சேர்ந்து அப்படித்தான் ரெண்டு பெரிய செட் எடுத்தாங்க. ஒண்ணு 1975லேர்ந்து 1979 வரைக்கும் பிறந்த ட்வின்ஸ், இன்னொண்ணு 1983லேர்ந்து 1987 வரைக்கும் பிறந்தவங்க. மொத செட்டுக்கு பதினாறு வயசு ஆனதும் தபால்ல கேள்வித்தாள் போகும், அப்புறம் பதினேழுல ஒண்ணு, பதினெட்டரையில ஒண்ணு. ரெண்டாவது செட்டை பதினொண்ணு பன்னெண்டு வயசுலயே பிடிச்சுட்டாங்க, அவங்களோட அம்மா அப்பா கிட்ட கேட்டாங்க, கிளாஸ் டீச்சர் கிட்டயும் இந்தப் புள்ளை அடிதடி பண்ணுமா, சொன்ன பேச்சைக் கேக்குமா, எடுத்தோம் கவுத்தோம்னு நடக்குமான்னு கேட்டாங்க. அப்புறம் பதினாலுல, பதினேழுலன்னு பின்னாலேயே போய்க்கிட்டு இருந்தாங்க.

எதுக்கு ட்வின்ஸ்னா, அச்சுல வார்த்த மாதிரி இருக்குற ரெட்டையருக்கு மரபணு ஒண்ணேதான். மத்த ரெட்டையருக்கு சாதாரண அண்ணன் தம்பி மாதிரி சராசரியா பாதி. ரெண்டு ஜோடியுமே ஒரே வீட்ல ஒரே சமயத்துல ஒரே ஸ்கூல்ல வளருது. அச்சு அசல் ஜோடிங்க மட்டும் ரொம்ப ஒத்துப் போனா அங்க மரபணு வேலை செய்யுது. ரெண்டு வகை ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஒத்துப் போனா அங்க வேலை செய்றது ரெண்டு பேருக்கும் பொதுவான வீடு, ஸ்கூல், ஊரு. அவ்வளவுதான் இதோட அடிப்படை.

பதினாலு வயசுல இவன் குடிச்சுப் பாத்திருக்கானா இல்லையாங்கிற கேள்விக்கு வந்த பதில் என்னன்னா, பெரும்பங்கு பொதுவான சூழல்தான், மரபணு பங்கு கொஞ்சம்தான். பதினாறு வயசுல எவ்வளவு அடிக்கடி குடிக்கிறான்னு பாத்தா மரபணு பங்கு மூணுல ஒண்ணு வாக்குல வந்துடுச்சு. பதினெட்டுக்கு மேல அது பாதி. இதைப் படிச்ச அன்னைக்கு நான் அக்காவுக்கு ராத்திரியே போன் பண்ணேன். ஏன்னா நாங்க எல்லாம் நெனச்சிட்டு இருந்தது தலைகீழ், சின்ன வயசுலயே குடிக்கிற பையன்னா அது பிறவியிலேயே வந்தது, பெரியவனாகிக் குடிச்சா அது சகவாசம்னுதான் பொதுவா பேசுவோம். மொத கிளாஸ் யார் கையில எப்போ கிடைக்குதுங்கிறதை சுத்தி இருக்குற உலகம்தான் முடிவு பண்ணுது. கிடைச்சதுக்கு அப்புறம் அது எவ்வளவு பிடிச்சுப் போகுதுங்கிறதுலதான் மரபணு மெல்ல மெல்ல வந்து உக்காருது. அப்போ பதினாலு வயசுப் புள்ளைய வெச்சிருக்குற ஒரு குடும்பத்துக்கு கையில இருக்குற வேலை ரொம்பப் பெருசு.

அந்தச் சூழல்ங்கிறது வீடு மட்டும்தானான்னு ஒரு கேள்வி வரும்ல, அதையும் பாத்தாங்க. ஒவ்வொரு ட்வின்னுக்கும் அவங்க கிளாஸ்லயே படிக்கிற, அதே பாலினத்து இன்னொரு புள்ளைய ஜோடி சேர்த்துக் கேள்வி கேட்டாங்க. ரத்தமும் வேற, வீடும் வேற, ஆனா ஏரியாவும் ஸ்கூலும் ஒண்ணு. பாத்தா அந்த கிளாஸ்மேட்டுங்களும் சிகரெட், குடி மாதிரி விஷயங்கள்ல ட்வின்ஸோட ஒத்துப் போறாங்க. வீட்டுக்கு வெளியில இருக்குற ஏரியா, ஸ்கூல் இதுக்கெல்லாம் தனியா ஒரு பிடி இருக்குன்னு காட்டுன ஆய்வு அது, 2003ல வந்தது.

இனி எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது. அதே பின்லாந்து ட்வின்ஸை டவுன்ல இருக்கவங்க, கிராமத்துல இருக்கவங்கன்னு பிரிச்சாங்க. டவுன்ல வளர்ற புள்ளைங்க குடியில மரபணு பங்கு பெருசு, கிராமத்துல பொதுவான சூழல் பங்கு பெருசு. அதோட விடாம டேனியெல் டிக்ங்கிற ஆராய்ச்சியாளர் உள்ளாட்சி வாரியா இன்னும் நுணுக்கமா பாத்தாங்க, அந்த ஊர்ல சாராய விற்பனை எவ்வளவு, எவ்வளவு பேரு ஊரு மாறி வந்து போறாங்க, இவங்களை விட கொஞ்சம் மூத்த வயசுப் பசங்க எவ்வளவு பேருன்னு. இந்த அளவுகள்ல ஒரு கடைசியில இருக்குற ஊருக்கும் இன்னொரு கடைசியில இருக்குற ஊருக்கும் மரபணுவோட பங்கு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வித்தியாசப்பட்டது. ஒரே நாடு, ஒரே சட்டம், பதினெட்டு வயசுக்குக் கீழ யாருக்கும் விக்கக் கூடாதுங்கிற ஒரே விதி, ஸ்ட்ராங் சரக்குன்னா நம்ம டாஸ்மாக் மாதிரியே அரசாங்கத்தோட அல்கோ கடைதான், அப்படி இருந்தும் அஞ்சு மடங்கு.

ஏன் இப்படின்னு யோசிச்சா பெரிய ரகசியம் எல்லாம் இல்ல. சின்ன ஊர்ல கடைக்காரருக்கு உங்க அப்பாவைத் தெரியும், பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்குறவருக்கு உங்க சித்தப்பாவைத் தெரியும், சரக்கு வாங்கிக் குடுக்க ஆளு கிடைக்காது, அதனால துருதுருன்னு இருக்குற பையனும் சாதுவா இருக்குற பையனும் வெளியில பாக்குறதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துப்பான். பெரிய ஊர்ல ஆளுக்கு ஆள் தெரியாது, கடை நிறைய, சகவாசமும் நிறைய, அங்க ஒவ்வொருத்தனும் தன்னோட சுபாவத்துக்கு ஏத்த ஆளைத் தேடிப் போய் ஒட்டிக்குவான், உள்ள என்ன இருக்கோ அது வெளிய வந்துடும். "விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்"னு எங்க பெரியத்தை அடிக்கடி சொல்வாங்க, சரிதான், ஆனா தண்ணி பாய்ச்சாத காட்டுல எந்த விதையும் மண்ணுக்குள்ளயேதான் கிடக்கும். பின்லாந்துல பதினாலு வயசுப் பொண்ணுங்களோட அடாவடி, அடம், கட்டுக்கடங்காத நடத்தை இதையெல்லாம் பாத்தப்பவும் இதே மாதிரிதான் வந்தது, டவுன்ல மரபணு பங்கு பெருசா, மத்த இடத்துல சூழல் பங்கு பெருசா. ஆனா அதே பதினாலு வயசுல குடியைப் பொறுத்தவரைக்கும் இந்த ஊரு வித்தியாசம் இன்னும் தலை காட்டல. அதாவது குடி வர்றதுக்கு முன்னாடியே நடத்தையில இது தெரிய ஆரம்பிச்சுடுது.

இந்த இடத்துல எங்க வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். அக்காவுக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தது பொண்ணு, காலேஜ் போகுது. அதுக்கும் மச்சானோட ரத்தம்தான், பையனுக்கு எவ்வளவு வந்ததோ சராசரியா அதே அளவுதான் அதுக்கும் வந்திருக்கும். ஆனா இந்த ரத்தப் பேச்சை அந்தப் பொண்ணைப் பாத்து ஒருத்தர் கூட சொன்னதில்ல. அது கோவத்துல தட்டைத் தூக்கி எறிஞ்சப்போ கூட "வாயாடி"ன்னாங்களே தவிர "நாளைக்குக் குடிக்கும்"னு யாரும் சொல்லல. ஏன் சொல்லல? ஏன்னா தமிழ்நாட்டுல பொம்பளைங்க குடிக்கிறது ரொம்ப அரிது, தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம மாநிலத்துல குடிக்கிற பொம்பளைங்க நூத்துக்கு ஒருத்தர் கூட வரல. குடிக்கிற அப்பன்கள் வீட்ல பிறந்த லட்சக்கணக்கான பொண்ணுங்க அதே மரபணுவை சுமந்துக்கிட்டு, ஒரு நாளும் குடிக்காம, கல்யாணம் பண்ணி, வேலைக்குப் போயி, பேரப்புள்ளை எடுத்திருக்காங்க. ரத்தம் மட்டும்தான் காரணம்னா இது எப்படி நடக்கும்? பொம்பளைங்க மேல நம்ம ஊர் வெச்சிருக்குற கட்டுப்பாடெல்லாம் நல்லதுன்னு நான் சொல்ல வரல, அதுல பல கொடுமை இருக்கு. சூழலுக்கு எவ்வளவு பலம் இருக்குங்கிறதுக்கு சாட்சி நம்ம வீட்டுக்குள்ளயே நடமாடிட்டு இருக்குன்னுதான் சொல்றேன்.

மரபணு நேரடியா கையைப் பிடிச்சுத் தடுக்குற ஒரு கேஸ் கூட இருக்கு, அங்கயும் இதே கதைதான். சாராயம் உடம்புக்குள்ள போனா கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடுன்னு ஒரு விஷமா மாத்தும், அப்புறம் ஏ.எல்.டி.ஹெச்.2ங்கிற நொதி அதை உடைக்கும். ஜப்பான், சீனா, கொரியா பக்கம் நிறைய பேருக்கு இந்த நொதி சரியா வேலை செய்யாத மாதிரி ஒரு மரபணு மாற்றம் இருக்கு, ரெண்டு வாய் குடிச்சா போதும், மூஞ்சி செவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு குமட்டிடும். நம்ம பக்கம் இது ரொம்ப அரிது. அப்பாகிட்டேர்ந்தும் அம்மாகிட்டேர்ந்தும் இந்த மாற்றம் வந்தவங்க குடிநோயாளி ஆகுறது கிட்டத்தட்ட கிடையாது, ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வந்தவங்களுக்கும் நல்ல பாதுகாப்பு. இப்போ ஜப்பான்ல நடந்ததைப் பாருங்க. குடிநோய்க்கு சிகிச்சைக்கு வந்தவங்கள்ல இந்த ஒரு பக்கத்து மாற்றம் இருந்தவங்க 1979ல 2.5 சதவீதம், 1986ல 8 சதவீதம், 1992ல 13 சதவீதம். பதிமூணு வருஷத்துல ஒரு நாட்டோட மரபணு மாறாது. ஆபீஸ் முடிஞ்சு கும்பலா குடிக்கப் போற பழக்கம், நாட்டுல மொத்தமா குடி பெருகுனது, இதெல்லாம் சேர்ந்து உடம்பே வேணாம் வேணாம்னு கத்துனவங்களையும் உள்ள இழுத்துடுச்சு.

இதை வீட்டு அளவுல பாத்தது அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டி டீம், மேட் மெக்யூவும் வில்லியம் அயகோனோவும். அங்க கொரியாவுலேர்ந்து தத்து வந்து வெள்ளைக்காரக் குடும்பத்துல வளர்ந்த புள்ளைங்க நிறைய. அதே மரபணு மாற்றம் இருந்த புள்ளைங்க குறைவா குடிச்சாங்க, வயசு ஏற ஏற அந்தப் பாதுகாப்பும் கூடிச்சு. ஆனா வளர்த்த அப்பா அம்மா நிறைய குடிக்கிற வீட்ல அந்தப் பாதுகாப்பு பலம் குறைஞ்சு போச்சு. பெத்தவங்க கூட இல்ல, வளர்த்தவங்க. டைனிங் டேபிள்ல இருக்குற பாட்டில் மரபணு போட்ட வேலியையே தாண்டுது. இதைப் படிக்கிற எந்த அப்பாவாவது "நான் வீட்ல உக்காந்து அளவாதானே குடிக்கிறேன், வெளியில போய் விழுந்து கிடக்கலையே"ன்னு நெனச்சீங்கன்னா தயவுசெஞ்சு இந்த ஒரு விஷயத்தை யோசிங்க.

சரி, அப்படின்னா அப்பன்கிட்டேர்ந்து புள்ளைக்கு வர்றது எதுதான்? சாராயத்து மேல ஆசை வர்றதில்ல. 1984லயே ஹென்றி பெக்லைட்டர்னு ஒருத்தர், குடிநோயாளி அப்பாவுக்குப் பிறந்த, ஏழுலேர்ந்து பதிமூணு வயசுக்குள்ள இருக்குற, குடியே தெரியாத பசங்களுக்கு மூளையில ஓடுற மின் அலைகளை அளந்து பாத்தாரு. புதுசா ஏதாவது ஒண்ணைப் பாத்தா மூளையில பி300ன்னு ஒரு அலை எழும்பும், இந்தப் பசங்களுக்கு அது கொஞ்சம் தாழ்வா இருந்துச்சு. நம்ம பக்கத்துலயே பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில விவேக் பெனகலும் கூட இருந்தவங்களும் இதே மாதிரிப் புள்ளைங்களை ஸ்கேன் பண்ணிப் பாத்து 2007ல எழுதுனாங்க, குடிநோய் குடும்பத்துப் புள்ளைங்க, ஆனா இவங்க குடிச்சதே இல்ல, மூளையில சில பகுதிகள்ல சாம்பல் பொருள், அதாவது நரம்பு செல்லுங்க நெருக்கமா இருக்குற திசு, கம்மியா இருந்தது. அந்தக் குறைவு துறுதுறுப்பு, அவசரம், அடங்காத்தனம் இதோட சேர்ந்து போச்சு. மினசோட்டாவுல பதினேழு வயசு ட்வின்ஸ்கிட்ட பாத்ததும் இதோட ஒத்துப் போகுது. குடி, போதை, அடிதடி நடத்தை, பின்விளைவை யோசிக்காம பாயுற குணம், இதெல்லாத்துக்கும் அடியில பொதுவா ஒரே ஒரு சாய்வு இருக்கு, அந்தப் பொதுச் சாய்வுல 80 சதவீதம் மரபணுன்னு கணக்கு வந்தது. ஆக குடும்பத்துல ஓடுறது பெரும்பாலும் ஒரு அவசர சுபாவம். நல்ல கோச் கையில கிடைச்சா அது ரன்னிங் ரேஸ்ல போய் முடியும், மோசமான சகவாசம் கிடைச்சா பார்ல போய் முடியும்.

அந்த மரபணு எதுன்னு தேடிட்டு ரொம்ப நாள் ஒண்ணு ரெண்டு மரபணுவையே பெருசா பேசிட்டு இருந்தாங்க, அதுல பலது அப்புறம் நிக்கல. 2021ல ஏறக்குறைய 15 லட்சம் பேரோட டேட்டாவை வெச்சு ஒரு பெரிய ஆய்வு வந்தது, டேனியெல் டிக் அதுலயும் இருக்காங்க, இந்த அடங்காத சுபாவத்தோட சம்பந்தப்பட்ட 579 இடங்களை மரபணுத் தொகுப்புல காட்டுனாங்க. 579! ஒவ்வொண்ணும் துளித் துளியா. எல்லாத்தையும் கூட்டிப் போட்டாலும் ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல பத்து சதவீதம் வரைக்கும்தான் சொல்ல முடியுது. அதனால நாளைக்கு யாராவது எச்சிலை டெஸ்ட் பண்ணி உங்க பையன் குடிகாரனாவானான்னு சொல்றோம்னு வந்தா காசை வீணாக்காதீங்க. குடும்பத்துல குடி ஓடுதான்னு உங்களுக்கே தெரியும், புள்ளை எப்படிப்பட்டவன்னும் உங்களுக்கே தெரியும், அதுவே போதும்.

இனி வீட்டுக்குள்ள என்ன பண்றதுங்கிறதுக்கு வர்றேன். பின்லாந்து ட்வின்ஸ்லயே பதினாலு வயசுல சிகரெட் பிடிக்கிறதைப் பத்தி ஒரு கணக்கு இருக்கு. புள்ளை எங்க போகுது, யாரோட இருக்குதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாத வீடுகள்ல மரபணு பங்கு 60 சதவீதத்துக்கும் மேல. நல்லாத் தெரிஞ்ச வீடுகள்ல அது ரொம்பக் கீழ இறங்கிடுது. இதைப் படிச்சதும் உடனே ஃபோனைப் பிடுங்கணும், லொகேஷன் ஆன் பண்ணணும், பையைத் துழாவணும்னு தோணும். எங்க அக்காவுக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஸ்வீடன்ல ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர்னு ரெண்டு பேரு 2000ல ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுனாங்க, பெத்தவங்களுக்குப் புள்ளையப் பத்தித் தெரியுறது பெரும்பாலும் புள்ளை தானா வந்து சொல்றதாலதான், வேவு பாக்குறதாலயும் கட்டுப்படுத்துறதாலயும் தெரிஞ்சது கம்மி. அப்போ வீட்ல வந்து சொன்னா அடி விழாது, ரத்தப் பேச்சு வராதுங்கிற நம்பிக்கை புள்ளைக்கு இருக்கணும். ஒவ்வொரு தடவை "அப்பன் மாதிரியே"ன்னு சொல்லும்போதும் அந்தக் கதவை நாமளே சாத்துறோம்.

எங்க மாப்ள விஷயத்துல நான் பண்றது பெருசா ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் பைக்ல ஏத்திக்கிட்டு பரோட்டா கடைக்குப் போவோம், அவன் ரெண்டு செட் சாப்டுட்டு மூணாவதுக்கு சால்னா ஊத்தும்போதுதான் வாயைத் திறப்பான். அப்படி ஒரு நாள் கேட்டான், "மாமா, எனக்கும் அப்பா மாதிரி ஆயிடுமா?" நான் இல்லடான்னு சும்மா சமாதானம் சொல்லல. "உங்க அப்பாகிட்டேர்ந்து உனக்கு அந்த அவசரம் வந்திருக்கு மாப்ள, அது உன் தப்பும் இல்ல, அவர் தப்பும் இல்ல, ஆனா மத்த பசங்க ஒரு தடவை டேஸ்ட் பாத்துட்டு விட்டுடலாம், உனக்கு அது கஷ்டமா இருக்க வாய்ப்பு இருக்கு, அதனால நீ தொடங்காம இருக்குறது நல்லது"ன்னு சொன்னேன். அவன் பேசாம சாப்டான், அப்புறம் அவன் கிளாஸ்ல யாரு யாரு பீர் குடிச்சிருக்கான்னு தானா சொல்ல ஆரம்பிச்சான். நான் யார்கிட்டயும் போட்டுக் குடுக்கல, அக்காகிட்ட கூட.

தள்ளிப் போடுறதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் குடுக்குறேன்னா, அமெரிக்காவுல 1997ல வந்த ஒரு பெரிய கணக்குல பதினஞ்சு வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேரு வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல குடிக்கு அடிமையாகியிருக்காங்க, இருபதுக்கு மேல ஆரம்பிச்சவங்கள்ல 10 சதவீதம் வாக்குலதான். சீக்கிரம் குடிச்சதால அடிமையாகல, அடிமையாகுற சுபாவம் இருக்கவங்கதான் சீக்கிரம் குடிக்கிறாங்கன்னு ட்வின்ஸ் ஆய்வு பண்றவங்க பதில் சொல்றாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைன்னுதான் எனக்குத் தோணுது. வளர்ற மூளைக்குச் சாராயம் கெடுதல்ங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்லாததால, காரணம் எதுவா இருந்தாலும் வீட்ல செய்ய வேண்டியது ஒண்ணுதான்.

ஸ்கூல்ல என்ன பண்ணலாம்ங்கிறதுக்கும் நல்ல முன்மாதிரி இருக்கு. பாட்ரிசியா கான்ராட்னு கனடாவுல மான்ட்ரியல்ல இருக்குற ஆராய்ச்சியாளர் உருவாக்குன ப்ரிவென்ச்சர்ங்கிற திட்டத்துல குடியைப் பத்தி பெருசா லெக்சர் எடுக்கவே மாட்டாங்க. பதிமூணு பதினாலு வயசுப் புள்ளைங்க சுபாவத்தை ஒரு கேள்வித்தாள் வெச்சுப் பாப்பாங்க, யோசிக்காம பாயுற குணம், த்ரில் தேடுற குணம், பதட்டம், நம்பிக்கை இழந்து போற குணம், இந்த நாலுல எது தூக்கலா இருக்கோ அந்தந்தக் கூட்டத்தைத் தனியா உக்கார வெச்சு, ஒன்றரை மணி நேர செஷன் ரெண்டு, அந்த சுபாவத்தை எப்படிக் கையாளுறதுன்னு. லண்டன் ஸ்கூல்கள்ல ட்ரெய்னிங் எடுத்த ஸ்கூல் ஸ்டாஃபே இதை நடத்துனாங்க, ரெண்டு வருஷம் கழிச்சும் குடி குறைஞ்சிருந்தது. நம்ம ஸ்கூல்கள்ல போதை ஒழிப்பு நாள்னா உறுதிமொழி, பேரணி, ஓவியப் போட்டின்னு முடிஞ்சுடுது. அந்த ஒரு நாளை விட்டுட்டு, கோவக்காரப் பையன்னு பேரு வாங்குனவனை எட்டாவதுலயே கூப்பிட்டு ரெண்டு தடவை பொறுமையா உக்காந்து பேச ஒரு ஆளைப் போட்டா எவ்வளவோ நல்லா இருக்கும். இப்போ அந்தப் பையனுக்குக் கிடைக்கிறது கிளாஸுக்கு வெளியில முட்டி போடுறதும், அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்றதும்தான். அப்பா இல்லாத பையன் கிட்டயும் அதைத்தான் சொன்னாங்க.

கடையைப் பத்தியும் சொல்லணும். தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ விக்கக் கூடாதுங்கிறது சட்டம். ஆனா யூனிஃபார்மை பைக்குள்ள திணிச்சிட்டு வர்ற பையனுக்காக பக்கத்துல நிக்கிற அண்ணன் ஒருத்தர் வாங்கிக் குடுத்துட்டுப் போறதை நீங்களும் பாத்திருப்பீங்க. பின்லாந்து கணக்குல விற்பனை, வந்து போற ஆளுங்க, கொஞ்சம் மூத்த பசங்கன்னு மூணு அளவு சொன்னேனே, அந்த மூணும் ஒண்ணா நிக்கிற இடம் நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைதான். அங்க வயசு கேட்டா, அந்த அண்ணனைத் தடுத்தா, குடிகாரக் குடும்பத்துப் புள்ளைங்களுக்குத்தான் மொத நன்மை. அதனால ஸ்கூல் பக்கத்துக் கடையை மாத்தணும்னு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குற பொம்பளைங்களைப் பாத்தா நின்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.

வீட்ல ஏற்கனவே பையனோ பொண்ணோ குடிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சவங்க இதைப் படிச்சிட்டு இருந்தா, சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னு மறைச்சு வெச்சுக்கிட்டு நாள் கடத்தாதீங்க. டெலி மனஸ் 14416, அரசாங்கத்தோட இலவச மனநல லைன், தமிழ்லயே பேசலாம். குடும்பத்துல யாருக்கு குடிப் பிரச்சினை இருந்துச்சு, புள்ளை சின்ன வயசுலேர்ந்து எப்படின்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க, டாக்டருக்கோ கவுன்சிலருக்கோ அது ரெண்டும் ரொம்பத் தேவையான தகவல்.